சளியும் தொண்டை வலியும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

மழைக்காலம் வந்துவிட்டால் கடைத்தெருவில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வியாபாரம் செய்கிறோம். கல்லாவை விட்டு மருத்துவரிடம் போக நேரம் கிடைப்பதில்லை. “அந்த ஐநூறு மில்லி மாத்திரையில் நாலு வாங்கி வா” என்று பையனை மருந்துக் கடைக்கு அனுப்புகிறோம். இரண்டு நாளில் கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். இந்தப் பழக்கம் ஏன் கூடாது, எந்த நிலையில் மருத்துவரிடம் போயே தீர வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

நோய் எது?

மூக்கு, சைனஸ் அறைகள், தொண்டை, குரல்வளை ஆகியவை சேர்ந்தது மேல் சுவாசப் பாதை. இங்கே வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு உடல் பழகினாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பெரியவர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு, மூன்று தடவை வருகிறது. பொதுவாக 7 முதல் 10 நாட்களில் தானே குணமாகும். இருமல் மட்டும் 3 வாரம் வரை இழுக்கலாம்.

மாத்திரை எங்கே தவறுகிறது?

அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யா. நாம் தேறுவது நாள் கடந்ததால். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலே ஆன்டிபயாடிக் தேவை என்பதும் தவறு. சாதாரண ஜலதோஷத்திலும் நிறம் மாறும்.

வீணாக விழுங்கும் ஒவ்வொரு முறையும் உடலில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ள இடம் கொடுக்கிறோம். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். நாளை நிமோனியாவோ, அறுவைப் புண்ணில் சீழோ வரும்போது அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

தொற்றா, தூசியா?

மிளகாய், மல்லி மூட்டை பிரிக்கும்போதும் மாவு சலிக்கும்போதும் வரும் தும்மல் வேறு. காய்ச்சல் இருக்காது. மூக்கும் கண்ணும் அரிக்கும்; தண்ணீராக ஒழுகும். குடோனுக்குள் போனால் வரும், கடை விடுமுறையன்று குறையும். இதற்கு மருந்தைவிட மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும், காற்றோட்டமும், ஈரத்துணியால் துடைப்பதும் உதவும். மூச்சு இரைத்தால் ஆஸ்துமாவா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கைவைத்தியம் எதுவரை?

ஓய்வு, வெந்நீர், கஞ்சி, ரசம், வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பது ஆகியவை போதும். சுக்கு, மிளகு கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும், வைரஸைக் கொல்லாது. இருமலுக்குத் தேன் நல்லது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் எடுக்கலாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, என்பது மேல் எல்லை. கல்லீரல் நோயாளிகளுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அந்த அளவும் அதிகம். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. அவற்றில் சில தூக்கம் வரவழைக்கும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

1. இருமல் இல்லாமல் திடீரென்று கடும் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், உள்நாக்கின் இருபுறமும் வெள்ளைப் படிவு. இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் அதிகம். கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இருதய வால்வு கெடலாம். இங்கே ஆன்டிபயாடிக் அவசியம். மருத்துவர் சொன்ன நாள் முழுதும் சாப்பிட வேண்டும்.

2. பத்து நாளுக்குப் பிறகும் குறையாத மூக்கடைப்பு, முகவலி. அல்லது தேறி வந்து மீண்டும் கடுமையாதல்.

3. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, எச்சில் விழுங்க முடியாமை, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல்.

4. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் இவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியவை

நோட்டு எண்ணவும் பொட்டலக் காகிதம் பிரிக்கவும் எச்சில் தொடுவதை விட்டுவிடுங்கள். கல்லாவில் ஈரப் பஞ்சு வையுங்கள். பையை ஊதிப் பிரிக்க வேண்டாம். தும்மும்போது முழங்கை மடிப்பில் தும்முங்கள். சோப்பால் கை கழுவ ஓர் இடம் வேண்டும். காய்ச்சலோடு வரும் பையனைச் சில்லறைச் சரக்கு அளக்க விடாமல் வீட்டுக்கு அனுப்புங்கள். ஒருவர் இரண்டு நாள் இல்லாவிட்டால் சமாளித்துவிடலாம். நாலு பேரும் படுத்தால் கடையை அடைக்க வேண்டியதுதான்.

வாடிக்கையாளர் சளி மாத்திரையோ, குழந்தைக்கு இருமல் டானிக்கோ கேட்டால், மருந்துக் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள். 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்து விற்க உரிமம் தேவை; மளிகைக் கடையில் ஆன்டிபயாடிக் விற்பது குற்றம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு ரசாயனம் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. கைக்குழந்தைக்குச் சளி என்றால் டானிக் தேடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மேலே உள்ள நான்கு அறிகுறிகளையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கடையில் வேலை செய்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.