நோட்டை அப்புறம் எடு, கண்ணு

வெண்ணந்தூர் வட்டாரத்துக்கு நான் கிராம சுகாதார செவிலியராக வந்தது 1986-ல். அப்போது இது சேலம் மாவட்டம். நாமக்கல் தனியாகப் பிரிந்தது 1997-ல்தான். ஒரு துணை சுகாதார நிலையம், ஒரு சைக்கிள், ஐயாயிரம் சனம். இதுதான் எனக்குக் கொடுத்தது. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் நாலு பேர் வந்து, "எங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் கொடுங்கம்மா" என்றார்கள். பயிற்சியில் சொல்லித் தந்ததைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அதில் இல்லாததையும், இருந்தும் மறந்துபோவதையும் மட்டும் எழுதுகிறேன்.

1. வீட்டுக்குள் போனதும் நோட்டை எடுக்காதே. உங்கள் காலத்தில் செல்போன், அதையும்தான். முதலில் உட்கார். திண்ணை, கயிற்றுக் கட்டில், தறிப்பட்டறை வாசற்படி, எதுவானாலும் சரி. தண்ணீர் கொடுத்தால் குடி. எந்தத் தெருவில் குடித்தாய், எந்தத் தெருவில் "இப்பத்தான் குடிச்சேன்" என்று நழுவினாய் என்று ஊர் கணக்கு வைத்திருக்கும். கேட்டுக்கொண்டே எழுதுகிறவளிடம் யாரும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள், தேதியை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

2. முழுகாமல் இருப்பதை மூன்று மாதம்வரை வெளியே சொல்லமாட்டார்கள், கண் பட்டுவிடும் என்று. நமக்கோ 12 வாரத்துக்குள் பதிவாக வேண்டும். அந்தப் பதிவில் கிடைக்கிற 12 இலக்க எண் இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கே அலைய நேரும். அதற்காகத் தெருவில் நின்று "ஏம்மா, விசேசம் உண்டா?" என்று கேட்டுவிடாதே. கல்யாணமாகி நாலு வருடம் குழந்தையில்லாத பெண்ணும் பக்கத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையை முதல் நாளே விளக்கிச் சொல். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பெட்டகத்தில் வருகிற பேரீச்சம்பழத்தையும் நெய்யையும் யார் சாப்பிட்டார்கள் என்று அடுத்த தடவை விசாரி. பாதி வீடுகளில் அவள் வாயில் போயிருக்காது.

3. இது என் தப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வேலைக்கு வந்த நாலைந்து வருடத்துக்குள் நடந்தது. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "தலை பாரமா இருக்குதுங்க நர்சம்மா" என்றாள். "நாள் முழுக்கத் தறிச் சத்தத்துல உக்காந்தா பாரமாத்தான் இருக்கும், வெளிய வந்து காத்தாட உக்காரு" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். ரத்த அழுத்தம் பார்க்கிற பாதரசப் பெட்டி துணை நிலையத்து மேசையில் இருந்தது. கனம் என்று எடுத்துவரவில்லை. அன்று ராத்திரி அவளுக்கு வலிப்பு வந்தது. யாரோ ஒருவருடைய காரில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை.

தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்றில் வலி. இதில் ஒன்றைச் சொன்னாலும் காரணம் தேடாதே, கையில் பட்டையைக் கட்டு. 140/90 தொட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பு. சொல்லத் தெரியாதவர்களும் உண்டு. "வளையல் இறுகிப்போச்சு", "மோதிரம் கழலமாட்டேங்குது" என்று பேச்சுவாக்கில் வரும். அதுவும் அறிகுறிதான். கருவி இப்போது கைப்பைக்குள் அடங்குகிறது. உனக்குச் சாக்கு இல்லை.

4. இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள், விழுங்கமாட்டார்கள். கொடுத்த அட்டையை எண்ணிப் பார்ப்பதைவிட, "வெளிக்குக் கறுப்பாப் போகுதா?" என்று கேள். "இல்லீங்களே" என்றால் மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று அர்த்தம். குமட்டுகிறது என்றால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல். டீயோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நல்லது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் சோகை, 7-க்குக் கீழே போனால் மருத்துவமனை. "வெளுப்பா, லட்சணமா இருக்கா" என்று மாமியார் பெருமையாகச் சொன்னால் கண் இமையை இறக்கிப் பார்.

5. சர்க்கரைச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம், 140 தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வி. சேஷையா போராடிக் கொண்டுவந்த முறை இது. காலையில் தறி நிறுத்திவிட்டு வரமுடியாத பெண்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் என்பது எனக்குத் தெரியும். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்ப வரச் சொல்.

6. மாமியாரைப் பகைத்துக்கொள்ளாதே. அவளைத் தாண்டி மருமகளிடம் போகிற வழி எந்த வீட்டிலும் கிடையாது. பிள்ளைக்கு வசம்பு கட்டட்டும், கன்னத்தில் மை வைக்கட்டும், பெற்றவளுக்குப் பூண்டும் கருவாடும் ஆக்கிப் போடட்டும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூக்கில் ஊதுவது, தொப்புளில் சாம்பல் வைப்பது, பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் தராமல் இருப்பது, இந்த மூன்றுக்கு மட்டும் பிடிவாதமாக நில். பத்துக்கும் சண்டை போட்டால் அந்த மூன்றும் நடக்காது. "மூடநம்பிக்கை" என்ற வார்த்தையை வேலையில் இருந்தவரை நான் எந்த வீட்டிலும் வாயில் எடுத்ததில்லை.

7. தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில். கட்டுச்சோறு விருந்து முடிந்த கையோடு பெண் கிளம்பிவிடுவாள். இங்கே உன் பட்டியலில் இருந்து மறைவாள், அங்கே அந்த நர்சின் பட்டியலில் ஏறியிருக்கமாட்டாள். ஒன்பதாம் மாதத்தில், மிகவும் ஆபத்தான நேரத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் இருப்பாள். அவள் போகிற அன்றே அந்த ஊர் செவிலியருக்குப் போன் செய். அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பு. அவளுடைய அம்மாவின் செல்போன் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்.

8. வலி வந்தால் 108. அது 2008-ல்தான் வந்தது. அதற்கு முன் வேனுக்கும் வாடகைக் காருக்கும் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். படித்த பெண், பள்ளி ஆசிரியை. பிள்ளை பிழைத்தது, தாய் ரத்தப்போக்கில் போய்விட்டாள். இதைக் கேட்டதும் எல்லோரும் அந்த வீட்டைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். அப்புறம் யோசித்தேன். படித்த பெண்கூட ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறாள் என்றால், பிரசவ அறையில் நம்மவர்கள் வாயில் வருகிற வார்த்தைகளுக்கும் அதில் பங்கு இருக்காதா? வலியில் கத்துகிறவளிடம் "அப்பத் தெரியலையா?" என்று கேட்கிற வாயை நானே கேட்டிருக்கிறேன். நீ அதைச் சொல்லாதே, சொல்பவள் பக்கத்தில் நின்று சிரிக்கவும் சிரிக்காதே. அவளுடைய அம்மாவோ அக்காவோ கூட இருக்கட்டும். முதுகைத் தடவிவிட ஒரு கை இருந்தால் வலி தாங்கும்.

9. பாலூட்டுவது. இதற்கு நேரம் கொடு, மற்றதையெல்லாம் சுருக்கிக்கொள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை மார்பில் இருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வீட்டிலே சர்க்கரைத் தண்ணீரோடு சேனை வைக்கக் காத்திருப்பார்கள். நல்ல குணமுள்ள பெரியவர் தொட்டு வைத்தால் பிள்ளைக்கு அந்தக் குணம் வரும் என்று நம்பிக்கை. தடுத்தால் நீ போன பிறகு வைப்பார்கள். நான் செய்தது இதுதான்: "அந்தப் பெரியவர் கையாலயே புள்ளைய வாங்கி ஆத்தாகிட்ட குடுக்கச் சொல்லுங்க, சீம்பால்தான் சேனை" என்பேன். அப்பாரு இரண்டு கையிலும் பேரனை ஏந்திக் கொடுத்துவிட்டு, வெட்கத்தோடு திரும்பி நிற்பார். எத்தனையோ வீடுகளில் அது செல்லுபடியானது. தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் பால் விற்கிறவன் வந்தால் மட்டும் எந்தச் சமரசமும் கிடையாது.

"பாலே இல்லீங்க நர்சம்மா" என்பதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்பாய். முதல் நாள் பிள்ளையின் வயிறு கோலிக்குண்டு அளவு. ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் சீம்பால் போதும். பேசிக்கொண்டு நிற்காமல் குனிந்து பார். வாய் அகலத் திறந்திருக்கிறதா? கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா? மோவாய் மார்பில் ஒட்டியிருக்கிறதா? காம்பை மட்டும் சப்பினால் காம்பு வெடிக்கும், பால் இறங்காது. முதல் வாரம் தாண்டி ஒரு நாளைக்கு ஆறு தடவை துணி நனைந்தால், இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பியிருந்தால், பால் போதுமானது. பவுடர் டப்பாவைச் சிபாரிசு செய்வது 1992 சட்டப்படியே குற்றம்.

ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு நம் பக்கத்தில் ஜவ்வரிசிக் கஞ்சிதான் முதலில் அடுப்பேறும். சுற்றிலும் சேகோ ஆலை, வேறென்ன செய்வார்கள்? அது வெறும் மாவுச்சத்து, வயிறு நிரம்பும், பிள்ளை தேறாது. நாடு முழுக்க முட்டை அனுப்புகிற மாவட்டத்தில் "முட்டை சூடு" என்று பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள். மசித்த மஞ்சள் கருவில் தொடங்கச் சொல்.

10. உனக்கும் எனக்கும் அரசு வேலை. 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. தறி ஓட்டுகிறவளுக்கு முன்பணம் வாங்கிய கடன்தான் உண்டு. நாற்பதாம் நாள் பட்டறையில் நிற்பாள். அவளிடம் "ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்" என்று சொல்லிவிட்டு வருவது நமக்குச் சுலபம். வழியையும் சொல். பாலைப் பீய்ச்சி, கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளரில் மூடி, நிழலில் வைத்தால் நம் வெயிலுக்கு நாலு மணி நேரம் தாங்கும். பாட்டி சங்கில் ஊட்டலாம், புட்டி வேண்டாம். பட்டறைக்காரரிடம் நீயே போய்ப் பேசு. "அண்ணா, ரெண்டு தடவை கால் மணி நேரம் விடுங்க, புள்ளைக்குச் சீக்கு வந்தா மூணு நாள் வரமாட்டா" என்று கணக்காகச் சொன்னால் அவருக்குப் புரியும்.

11. மூன்றாவதும் பெண் என்றால் அந்த வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை போ. ஏன் என்று உன் வயதுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்குப் பயன்பட்டன என்று தெரிந்த கிழவிகள் அப்போது நம் தெருக்களிலும் இருந்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் 2019-ல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வழக்கு வெளியே வந்தது. அதில் முதலில் கைதானவர் நம் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வாரம் கடைக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பிரசவம் பதிவாகி, பிள்ளை எங்கே என்றால் "சொந்தக்காரங்க வீட்டுல" என்று பதில் வந்தால், அந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கே போய்ப் பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டு வா.

12. பிரசவத்திலிருந்து எண்ணி 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பார்க்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாளை மட்டும் எதற்காகவும் விடாதே. அன்றுதான் பால் கட்டும், காய்ச்சல் தெரியும், காரணமில்லாமல் அழுவாள். வந்தவர்கள் எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நிற்பார்கள். நீ அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்.

தொட்டில் இல்லாத வீட்டுக்கும் போ. 3-ல் சொன்னேனே, அவள் ஊர் திரும்பியதும் நான் போனேன். பயந்துகொண்டேதான் போனேன். யாரும் திட்டவில்லை. பிள்ளை போனது மார்புக்குத் தெரியவில்லை, கல்லாகக் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. அவளுடைய அம்மாயி மல்லிகைச் சரத்தை மார்போடு வைத்துக் கட்டினாள், பால் வற்றிவிடும் என்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்து 1988-ல் கட்டுரையே எழுதியிருந்தார்கள் என்பது எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் தெரியும். அன்று கிழவி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அத்தனூர்க் கோயில் வாசலில் மூன்று முழம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த இரண்டு வருகையையும் எழுத என் பதிவேட்டில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் தேதி மட்டும் போட்டு வைத்தேன்.