ஆங்கிலம் பழகுவோம்: நேற்று பள்ளியில் என்ன நடந்தது?



நம் பிள்ளைகளின் டைரியிலும் லீவு லெட்டரிலும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் நடந்து முடிந்த விஷயம்தான். வந்தாளா, வரவில்லையா, எழுதினானா, எழுதவில்லையா என்பதுதான் அதில் இருக்கும். பிள்ளை படித்துச் சொல்ல, நாம் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமா? காலையில் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பின பிள்ளை மூன்று நாளா பள்ளிக்கே போகலைன்னா, அதை முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது நாம்தானே? அதனால் இந்தப் பாடத்தில் நடந்து முடிந்ததைச் சொல்லும் ஆங்கிலத்தைப் பழகுவோம். இது காதால் கேட்டு வாயால் சொல்லும் பாடம். ஆங்கில எழுத்தில் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளையிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கோங்க.

1. நமக்குத் தெரிந்த சொற்கள்

டீச்சர், ஹெட்மாஸ்டர், கிளாஸ், பெல், பரீட்சை பேப்பர், மார்க், ஹோம்ஒர்க், ஃபீஸ், டி.சி. இவை நாம் தினமும் பேசும் சொற்கள்தான். பாதிப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்! இன்னும் சில சொற்கள்:

ஆப்சென்ட் - பள்ளிக்கு வராதது
ப்ரெசென்ட் - வந்திருப்பது
லேட் - நேரம் கழித்து வருவது
எக்ஸாம் - பரீட்சை
ரிப்போர்ட் கார்டு - மதிப்பெண் அட்டை
ஹாலிடே - பள்ளியே மூடியிருக்கும் நாள்
லீவ் - நாம் கேட்டு வாங்கும் விடுப்பு

கடைசி இரண்டையும் நாம் "லீவு" என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு.

2. ஆளுக்கு ஆள் மாறாது

தமிழில் வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள் என்று ஆளுக்குத் தகுந்தபடி சொல் மாறும். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. எல்லோருக்கும் ஒரே சொல்:

ஐ கேம் - நான் வந்தேன்
யூ கேம் - நீ வந்தாய்
ஷி கேம் - அவள் வந்தாள்
தே கேம் - அவர்கள் வந்தார்கள்

நிறைய சொற்களுக்குக் கடைசியில் ஒரு 'ட்' ஒலி சேர்த்தால் போதும். ஆஸ்க் - ஆஸ்க்ட் (கேட்டார்), கால் - கால்ட் (கூப்பிட்டார்), ஃபினிஷ் - ஃபினிஷ்ட் (முடித்தார்). சொல்லே 'ட்' ஒலியில் முடிந்தால் ஓர் அசை கூடும். ஸ்டார்ட் - ஸ்டார்டட் (தொடங்கியது), வான்ட் - வான்டட் (விரும்பினார்).

நம் ஊர் விஷயத்தையே சொல்லிப் பார்ப்போம். சத்துணவுத் திட்டம் 1982-ல் தொடங்கியது: "தி நூன் மீல் ஸ்கீம் ஸ்டார்டட் இன் 1982." காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது: "தி பிரேக்ஃபாஸ்ட் ஸ்கீம் ஸ்டார்டட் இன் 2022."

சில சொற்கள் முழுசா மாறும். இவற்றை மனப்பாடம் பண்ணத்தான் வேண்டும்:

கோ - வென்ட் (போனாள்)
கம் - கேம் (வந்தாள்)
ரைட் - ரோட் (எழுதினாள்)
ரீட் - ரெட் (படித்தாள்)
கிவ் - கேவ் (கொடுத்தாள்)
பே - பெய்ட் (பணம் கட்டினாள்)
கெட் - காட் (வாங்கினாள்)

ரீட், ரெட் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். வாசிக்கும்போது மட்டும் ஒலி மாறும்.

3. கேள்விக்கும் இல்லைக்கும் 'டிட்'

கேள்வி கேட்க 'டிட்' முன்னால் வரும். இல்லை என்று சொல்ல 'டிட் நாட்' நடுவில் வரும். 'டிட்' வந்துவிட்டால் பின்னால் வரும் சொல் பழையபடி மாறாமலே நிற்கும்.

ஷி வென்ட் டு ஸ்கூல் - அவள் பள்ளிக்குப் போனாள்
டிட் ஷி கோ டு ஸ்கூல்? - பள்ளிக்குப் போனாளா?
ஷி டிட் நாட் கோ டு ஸ்கூல் - பள்ளிக்குப் போகவில்லை

'டிட் ஷி வென்ட்' என்று சொல்லக் கூடாது. முடிந்த காலத்தை 'டிட்' ஏற்கெனவே சொல்லிவிட்டதால் இன்னொரு முறை வேண்டாம்.

4. 'வாஸ்', 'வேர்'

இருந்தான், இருந்தாள் என்பதற்கு 'வாஸ்'. பலர் என்றால் 'வேர்'. 'யூ' வந்தாலும் 'வேர்'தான்.

ஹி வாஸ் லேட் - அவன் லேட்டாக வந்தான்
ஷி வாஸ் ஆப்சென்ட் ஃபார் த்ரீ டேஸ் - மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை
தே வேர் ப்ரெசென்ட் - அவர்கள் வந்திருந்தார்கள்

ஒரு வேலை நடந்துகொண்டு இருந்தது என்று சொல்ல, பின்னால் 'இங்' சேர்ப்போம். "ஷி வாஸ் ரீடிங்" என்றால் படித்துக்கொண்டிருந்தாள். "வென் தி டீச்சர் கேம், தே வேர் ப்ளேயிங்" என்றால் டீச்சர் வந்தபோது அவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

5. நாமே சொல்லும் லீவு லெட்டர்

"மை டாட்டர் ஹேட் ஃபீவர் எஸ்டர்டே. ஷி டிட் நாட் கம் டு ஸ்கூல். ப்ளீஸ் எக்ஸ்க்யூஸ் ஹர் ஆப்சென்ஸ்."

என் மகளுக்கு நேற்று காய்ச்சல். அவள் பள்ளிக்கு வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மகன் என்றால் டாட்டருக்குப் பதில் 'சன்', ஷிக்குப் பதில் 'ஹி', ஹர்ருக்குப் பதில் 'ஹிஸ்'. நாம் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரியா இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பள்ளியில் தமிழில் பேச யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அங்கே நம் கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். எதிரில் வைக்கிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கு என்று புரிஞ்சுக்கத்தான் இந்த ஆங்கிலம்.

6. குழுக் கூட்டத்தில் பயிற்சி

சேமிப்பும் கடன் தவணையும் வசூலித்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் அம்மா, ஒருவர் பிள்ளை. அம்மா "டிட் யூ..." என்று கேட்கட்டும். பிள்ளை "எஸ், ஐ டிட்" அல்லது "நோ, ஐ டிட் நாட்" என்று சொல்லட்டும். பிறகு இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்:

அ) நான் ஃபீஸ் கட்டினேன்.
ஆ) நீ ஹோம்ஒர்க் எழுதினாயா?
இ) டீச்சர் ரிப்போர்ட் கார்டு கொடுக்கவில்லை.
ஈ) அவன் நேற்று ஆப்சென்ட்.

விடைகள்: அ) ஐ பெய்ட் தி ஃபீஸ். ஆ) டிட் யூ ரைட் தி ஹோம்ஒர்க்? இ) தி டீச்சர் டிட் நாட் கிவ் தி ரிப்போர்ட் கார்டு. ஈ) ஹி வாஸ் ஆப்சென்ட் எஸ்டர்டே.

இன்று சாயங்காலம் பிள்ளை வீடு திரும்பினதும் "வாட் டிட் யூ லேர்ன் டுடே?" என்று கேளுங்கள். இன்று என்ன படிச்சே என்று அர்த்தம். பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், பதில் வரும் வரை விடாதீங்க.