தேயும் பனியாறுகள்

வெப்பமண்டலப் பனியாறுகளுள் பெரும்பகுதி பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில் உள்ளது. அங்குள்ள கார்டில்லெரா பிளாங்கா மலைகளின் பனி உருகிச் சாந்தா ஆற்றில் கலக்கிறது. மழை அரிதான கடற்கரை வயல்களுக்கு நீராகிறது.

இப்பனியாறுகள் சுருங்குவதை, 1982இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-4 முதலான செயற்கைக்கோள்களின் படங்களால் அளக்கலாம். பனி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மிகுதியாக எதிரொளிக்கும். குறுஅலை அகச்சிவப்புக் கதிரைப் பெரிதும் உட்கவரும். மேகமோ இரண்டையும் எதிரொளிக்கும். இவ்வேறுபாட்டால் பனிப்பரப்பு தனியே பிரித்தறியப்படுகிறது. படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் குறிப்பதால், பனிப்புள்ளிகளை எண்ணிப் பரப்பளவைக் கணக்கிடலாம்.

எனினும், எண்ணிக்கை மட்டும் போதாது. நேற்றுப் பெய்த பனியும் பன்னெடுங்காலம் இறுகிய பனிக்கட்டியும் படத்தில் ஒன்றுபோல் தோன்றக்கூடும். புதுப்பனி மூடிய நாளில் எடுத்த படம், தேய்ந்த பனியாற்றையும் வளர்ந்ததாகக் காட்டிவிடும். எனவே, மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட பருவத்தில், புதுப்பனி மிகக் குறைந்த நாள்களின் படங்களே ஒப்பிடப்படுகின்றன.

பனி விரைந்து உருகுங்கால் ஆற்றில் நீர் முதலில் பெருகும். பனிப்பரப்பு சுருங்கியபின் வறண்ட பருவ நீர் குறையும். பெருகும் நீரை வளமென மயங்காது உழவர் முன்னரே ஆயத்தமாக, இவ்வளவீடு பிழையற்றதாய் இருத்தல் வேண்டும்.