மடக்கு போன்: திரை விரிகிறது, அப்ளிகேஷன் விரிகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் அடுத்து என்னிடம் கேட்கும் கேள்வி இது: "மடக்கு போன் ஒன்று வாங்கிவிட்டால், பாதி கம்ப்யூட்டர் வேலையை அதிலேயே முடித்துவிடலாமா?" தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் உள்ள மொபைல் கடைகளில் இந்தப் போன்களை விரித்தே வைத்திருக்கிறார்கள். பார்த்தவுடன் ஆசை வருவது இயல்பு. ஆனால் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உள்ளது. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் சேலையூரில் இருக்கும் என் பெரியப்பா.

பெரியப்பாவின் போன்

பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்புரை ஆபரேஷனுக்குப் பின், சின்ன எழுத்துகளைப் படிக்கச் சிரமப்பட்டார். பெரிய திரை வேண்டும், சட்டைப் பையிலும் அடங்க வேண்டும் என்று, சேமிப்பிலிருந்து ஒரு லட்சத்திற்கும் மேல் கொடுத்து, புத்தகம் போல விரியும் போன் ஒன்றை வாங்கினார். செய்தித்தாள் படிப்பது, வீடியோ பார்ப்பது எல்லாம் அருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போப்பா. மருத்துவச் செலவுக்கு விண்ணப்பம் போடணும். மூணு தடவை டைப் பண்ணிட்டேன், மூணு தடவையும் அழிஞ்சு போச்சு. எனக்குத்தான் இதெல்லாம் வரலை போல."

போய்ப் பார்த்தேன். போனை மூடி வைத்து, வெளித் திரையில் பொறுமையாக எல்லாக் கட்டங்களையும் நிரப்புகிறார். அனுப்பும் முன் பெரிய எழுத்தில் சரிபார்க்கலாம் என்று போனை விரிக்கிறார். அவ்வளவுதான், படிவம் முழுவதும் காலி! போனில் கோளாறு இல்லை. பெரியப்பா மேலும் தவறு இல்லை. அந்த அப்ளிகேஷனின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைத் தயாரித்த குழுவில் நானும் ஒருவன். அந்தப் படிவப் பக்கத்தை எழுதியதே நான்தான்.

ஏன் இப்படி நடந்தது என்பதைப் பார்க்கும் முன், இந்தப் போன்கள் வளர்ந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

போட்டி எப்படி வளர்ந்தது?

2018 அக்டோபரில் சீனாவின் ராயோல் நிறுவனம் ஃபிளெக்ஸ்பை என்ற மடக்கு போனை அறிமுகப்படுத்தியது. அடுத்த வாரமே சாம்சங் தன் மடங்கும் திரையைக் காட்டியது. ஆண்ட்ராய்டில் இதற்கு வசதி தருவோம் என்று கூகுளும் அறிவித்தது. 2019 பிப்ரவரியில் சாம்சங் கேலக்ஸி ஃபோல்டு, ஹுவாவே மேட் எக்ஸ் ஆகிய இரண்டும் சில நாள் இடைவெளியில் அறிவிக்கப்பட்டன. முன்னது உள்பக்கமாக மடங்கும். பின்னது வெளிப்பக்கமாக மடங்கும்.

ஏப்ரலில் விற்பனைக்கு வர வேண்டிய கேலக்ஸி ஃபோல்டு, சோதனைக்குக் கொடுத்த போன்களின் திரை பழுதானதால் தள்ளிப் போனது. திரை மேல் இருந்த பாதுகாப்புப் படலத்தை, சாதாரண ஸ்கிரீன் கார்டு என நினைத்துச் சிலர் உரித்துவிட்டதும் ஒரு காரணம். குறைகளைச் சரிசெய்து செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. அக்டோபரில் இந்தியா வந்தபோது விலை ரூ.1,64,999.

பிறகு போட்டி சூடு பிடித்தது. 2020ல் மோட்டோரோலாவின் ரேசரும் சாம்சங்கின் இசட் ஃபிளிப்பும் பழைய ஃபிளிப் போன் வடிவைத் திரும்பக் கொண்டு வந்தன. 2023 ஏப்ரலில் டெக்னோ நிறுவனம் புத்தக வகைப் போனை ரூ.88,888க்குக் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்பிளஸ் ஓப்பன் மும்பையில் ரூ.1,39,999க்கு அறிமுகமானது. 2024ல் விவோவும் கூகுள் பிக்ஸலும் இந்தியச் சந்தைக்கு மடக்கு போன்களைக் கொண்டு வந்தன. ஹுவாவே அதே ஆண்டு செப்டம்பரில் மூன்றாக மடியும் போனையே சீனாவில் வெளியிட்டது.

போட்டியால் கிடைத்த பலனைப் பாருங்கள். முதல் கேலக்ஸி ஃபோல்டை மூடினால் கீல் பக்கம் சுமார் 17 மி.மீ. தடிமன். 2025 ஜூலையில் வந்த இசட் ஃபோல்டு 7 மூடிய நிலையில் 8.9 மி.மீ.தான், எடை 215 கிராம். இந்தியாவில் விற்கும் இந்தப் போன்களை சாம்சங் நொய்டாவில் தயாரிக்கிறது. (நமக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உள்ள சாம்சங் தொழிற்சாலையில் தயாராவது டிவி, ஃபிரிட்ஜ் போன்ற வீட்டுப் பொருள்கள்.) அறிமுக விலை மட்டும் ரூ.1,74,999. அதாவது புத்தக வகையில் உச்சிப் போன்களின் விலை இறங்கவில்லை. ஃபிளிப் வகையில்தான் விலை இறங்கியது. 2025ல் மோட்டோரோலா ரேசர் 60 ரூ.49,999க்கு வந்தது.

ஆக, கீல், கண்ணாடி, தடிமன் ஆகியவற்றில் கம்பெனிகள் முட்டி மோதி முன்னேறிவிட்டன. திரைக்குள் ஓடும் அப்ளிகேஷன்களை எழுதும் என்னைப் போன்றவர்கள்தான் பின்தங்கிவிட்டோம்.

விரிக்கும்போது உள்ளே நடப்பது என்ன?

தாம்பரத்தில் சின்ன போர்ஷனில் குடியிருக்கும் ஒரு குடும்பம், பெரிய வீட்டிற்கு மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் புது வீட்டில் சாமான்களை அடுக்க வேண்டும். மூட்டை கட்ட மறந்த பொருள் போனது போனதுதான்.

ஆண்ட்ராய்டும் இதைத்தான் செய்கிறது. திரையின் அளவு மாறியவுடன், வழக்கமாக, ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தை அழித்து, புதிய அளவில் மறுபடியும் உருவாக்குகிறது. அழியும் முன் "நீங்கள் டைப் செய்தது இது, இருந்த இடம் இது" என்று அப்ளிகேஷன் மூட்டை கட்டிக்கொள்ள வேண்டும். மூட்டை கட்டும் அந்தக் கோடை நான் எழுதவில்லை.

சாதாரணப் போனைச் சாய்த்துத் திருப்பினாலும் இதே குறை வெளிப்பட்டிருக்கும். ஆனால் எங்கள் அப்ளிகேஷனில் திரை திரும்பாதபடி பூட்டிவிட்டிருந்தோம். எனவே சோதனையில் குறை தெரியவே இல்லை. திரையைத் திருப்ப முடியாமல் பூட்டலாம். பெரியப்பா போனை விரிப்பதைப் பூட்ட முடியுமா?

600 என்ற எண்

அடுத்த பிரச்சினை, இடத்தைப் பயன்படுத்துவது. திரையின் அகலத்தை ஆண்ட்ராய்டு "டிபி" என்ற அலகால் அளக்கிறது. 160 டிபி என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம். திரையின் குறுகிய பக்கம் 600 டிபிக்கு, அதாவது சுமார் மூன்றே முக்கால் அங்குலத்திற்குக் குறையாமல் இருந்தால் அதைப் பெரிய திரை என்று எடுத்துக்கொள்கிறது. விரித்த புத்தக வகைப் போன்கள் பொதுவாக இந்தக் கணக்கில் வரும். ஃபிளிப் வகையை விரித்தால் கிடைப்பது சாதாரணப் போனின் அகலம்தான். எனவே அதில் இந்தத் தொல்லை குறைவு.

பெரிய திரைக்கெனத் தயாரித்த மெயில் அப்ளிகேஷன், இடப்பக்கம் கடிதப் பட்டியலையும் வலப்பக்கம் கடிதத்தையும் காட்டும். தயாராகாத அப்ளிகேஷன், இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில் ஒடுங்கி நிற்கும். இல்லையென்றால் எல்லாவற்றையும் இழுத்துப் பரப்பி, பட்டனை ரயில் பிளாட்பாரம் போல நீட்டிவிடும்.

இதற்காகவே 2022 மார்ச்சில் ஆண்ட்ராய்டு 12எல் என்ற தனிப் பதிப்பைக் கூகுள் வெளியிட்டது. அடிப்பகுதியில் கம்ப்யூட்டர் போன்ற டாஸ்க் பார் வந்தது இதில்தான். 2025 ஜூனில் வந்த ஆண்ட்ராய்டு 16 இன்னும் கண்டிப்பானது. இந்தப் பதிப்பிற்கெனத் தயாரிக்கும் அப்ளிகேஷன்கள் "நான் நெட்டுவாக்கில் மட்டுமே ஓடுவேன்" என்று சொன்னாலும், பெரிய திரையில் அந்தப் பூட்டை அது ஏற்காது. கேம்களுக்கு விலக்கு உண்டு.

தமிழில் பயன்படுத்துவோருக்குத் தனிச் சிக்கல் ஒன்றும் உள்ளது. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கும் "சப்மிட்" பட்டன், தமிழில் "சமர்ப்பிக்கவும்" என்று நீள்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த அப்ளிகேஷன், குறுகலான வெளித் திரையில் தமிழ்ச் சொல்லைப் பாதியில் வெட்டும். தமிழ் மெனு பயன்படுத்துபவர் என்றால் தமிழிலேயே சோதித்துப் பாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே பாருங்கள்

மடக்கு போன் இல்லாமலே இந்த வித்தியாசத்தை நீங்கள் பார்க்கலாம்.

1. குரோம் பிரவுசரைத் திறந்து, வழக்கமாக நீங்கள் படிக்கும் செய்தித் தளத்திற்குச் செல்லுங்கள்.

2. கீ போர்டில் எஃப்12 கீயை அழுத்துங்கள். பக்கவாட்டிலோ கீழேயோ ஒரு கட்டம் திறக்கும். அதில் உள்ள கோடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எதுவும் கெட்டுவிடாது. சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

3. கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். தளம் போன் அளவிற்குச் சுருங்கும்.

4. மேலே அகலத்தையும் உயரத்தையும் காட்டும் இரண்டு எண் கட்டங்கள் இருக்கும். அகலத்தில் 360 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். இது மூடிய போன். பின் 700 கொடுங்கள். இது விரித்த போன்.

5. பார்த்து முடித்ததும் மறுபடி எஃப்12 அழுத்தினால் பழைய நிலை வந்துவிடும்.

நல்ல தளம் என்றால் 700ல் படங்களும் செய்திகளும் இரண்டு வரிசையாக அடுக்கிக்கொள்ளும். மற்றது சும்மா ஊதிப் பெருக்கும். அப்ளிகேஷன்களிலும் இதே கதைதான்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஐந்து அப்ளிகேஷன்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கடைக்காரர் காட்டும் வீடியோவில் மயங்க வேண்டாம். காட்சிக்கு வைத்த போனில் அந்த ஐந்தில் எவை உள்ளனவோ அவற்றைக் கேட்டுச் சோதியுங்கள். இல்லாதவற்றை, இந்த வகைப் போன் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் பாருங்கள்.

* மூடிய நிலையில் நான்கு வரி டைப் செய்து, அனுப்பாமல் போனை விரியுங்கள். எழுதியது அப்படியே இருக்கிறதா?
* விரித்தபின் கறுப்புப் பட்டை வருகிறதா, இரண்டு பகுதியாகப் பிரிகிறதா?
* இரண்டு அப்ளிகேஷன்களைப் பக்கத்துப் பக்கத்தில் திறக்க முடிகிறதா?
* எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் பட்டன்கள் மறைகின்றனவா?
* உள்திரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

ஐந்தில் மூன்றாவது தேறவில்லை என்றால், அந்தப் பணத்தில் நல்ல சாதாரணப் போனும் ஒரு டேப்லெட்டும் வாங்குவதே லாபம். தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவர் இதையும் யோசிக்க வேண்டும்: போனை விரிக்க இரண்டு கைகள் தேவை.

ஜி.எஸ்.டி. ரோடு தூசி நமக்குத் தெரிந்ததே. எனவே பெட்டியில் உள்ள ஐபி எண்ணையும் பாருங்கள். இதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இசட் ஃபோல்டு 7க்கு ஐபி48. இதில் 4 என்றால் ஒரு மில்லி மீட்டருக்கு மேற்பட்ட துகள்களை மட்டுமே தடுக்கும்; மெல்லிய மணலுக்கு உத்தரவாதம் இல்லை. 2025ல் வந்த பிக்ஸல் 10 புரோ ஃபோல்டு ஐபி68 பெற்றது. இதில் 6 என்பது தூசி நுழையாது என்று பொருள். எதுவானாலும், திரையோடு வரும் படலத்தை நீங்களாக உரிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

திங்கட்கிழமை அலுவலகத்தில் இந்தக் குறையைச் சொன்னேன். "மடக்கு போன் வைத்திருக்கும் கஸ்டமர் எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். "ஒருத்தர் நிச்சயமா இருக்கார், எங்க பெரியப்பா" என்றேன். சிரித்தார்கள், ஆனால் அனுமதி கொடுத்தார்கள். மூட்டை கட்டும் கோடை எழுத எனக்கு இரண்டு நாள்தான் ஆனது.

அப்டேட் வந்த பின் பெரியப்பா பாதி நிரப்பிய படிவத்தோடு போனை விரித்தார். எழுதியது எதுவும் போகவில்லை. "அப்போ தப்பு என்கிட்ட இல்லையா?" என்று கேட்டார். "இல்லை பெரியப்பா, என்கிட்டதான்" என்றேன்.

எனவே, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலோ போனிலோ ஏதாவது அழிந்து போனால், உடனே "எனக்குத் தெரியவில்லை" என்று ஒதுங்கிவிடாதீர்கள். என்ன செய்தபோது அழிந்தது என்பதை இரண்டு வரி எழுதி, அந்த அப்ளிகேஷன் தயாரித்தவருக்கு அனுப்புங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு அப்ளிகேஷனின் பக்கத்திலும் அவர்களின் ஈமெயில் முகவரி இருக்கும். அதைப் படிக்கும் பக்கம் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.