கெல்லி கோட்டை வழியாகக் கேமரன் மலை: ஒரே நாளில் போய்வர

சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பா, அம்மா இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கோ சினிமா எடுத்த இடங்களைப் பார்க்க ஆசை. வழிகாட்டியோடு வேன் எடுத்துக் கேமரன் மலைக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?"

முடியும். ஆனால் சுற்றுலாத் தாளில் அச்சடித்திருக்கும் எட்டு, ஒன்பது இடங்களையும் பார்க்க முடியாது. இரண்டு இடம் போதும். காலையில் பத்து காஜா அருகிலுள்ள கெல்லி கோட்டை, மதியத்துக்கு மேல் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். ஸ்ட்ராபெரி, கள்ளிச்செடி, தேனீப் பண்ணைகளை யோசிக்காமல் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். போக வர ஏறத்தாழ 480 கிலோமீட்டர். வண்டிக்குள்ளேயே எட்டு மணி நேரம் போய்விடும். மிச்சமிருக்கும் நேரத்தை ஒன்பதாகப் பங்கு போட்டால், வயதானவர்கள் வேனில் ஏறி இறங்கியே களைத்துப் போவார்கள்.

காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்வுப் பகுதியில் பசியாறிவிட்டு, கோப்பேங்கில் வெளியேறினால் ஒன்பது மணிவாக்கில் கெல்லி கோட்டை. வெயில் ஏறுவதற்குள் அங்கே பார்த்து முடித்துவிடலாம். படிக்கட்டுகள் அதிகம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மைகார்டை மறக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் குறைவு.

அடுத்தது மலையேற்றம். நம்மில் பலர் பழக்கதோஷத்தில் தாப்பா வழியாகத்தான் ஏறுவார்கள். அருவியும் காடும் நிறைந்த அழகான பாதைதான், ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. பசியாறிய கையோடு ஏறினால் பிள்ளைகள் வாந்தி எடுப்பது உறுதி. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகப் போகும் சாலை அகலமானது, வயிற்றைப் புரட்டாது. ஏறும்போது அதில் ஏறி, இறங்கும்போது ரிங்லெட், தாப்பா வழியாக இறங்குங்கள். தலைசுற்றல் உள்ள பெரியவர்கள் கூட இருந்தால் இறங்கவும் சிம்பாங் பூலாய்தான். அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை. எப்படி இருந்தாலும் மாலை நான்கு மணிக்கு மேல் மலையில் இருக்காதீர்கள். மழையும் மூடுபனியும் காய்கறி லாரிகளும் சேர்ந்தால் தாப்பா பாதை இருட்டில் பொல்லாதது. ஆண்டுக் கடைசி மழை மாதங்களில் மண்சரிவு உண்டா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் வேண்டவே வேண்டாம். பிரிஞ்சாங்கில் வண்டி நகராது. திங்கட்கிழமையும் சரிப்படாது, தேயிலை நிலையங்களுக்கு அன்று விடுமுறை விடுவது வழக்கம். செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் உத்தமம். சங்கமாகவோ குடியிருப்பாகவோ சேர்ந்து போகிறவர்களுக்கு ஒரு சொல்: சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குள் போகும் பாதை குறுகல். 44 இருக்கைப் பேருந்து அங்கே ஒத்துவராது. வேன்தான் சரி.

இனி பிள்ளைகள் கேட்ட சினிமா. ஜோடி ஃபோஸ்டரும் சௌ யுன் ஃபாட்டும் நடித்த 'அன்னா அண்ட் த கிங்' 1999இல் வெளிவந்தது. கதை நடப்பது சயாமில். தாய்லாந்து அரசு அனுமதி தராததால் படக்குழு மலேசியாவுக்கு வந்தது. கெல்லி கோட்டையும் அதில் ஒரு களம். மலைக்கு வந்தால் 'த கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' இருக்கிறது. நம் நாட்டு எழுத்தாளர் டான் ட்வான் எங்கின் நாவலை வைத்து 2019இல் வந்த படம். ஜப்பானிய ஆட்சிக் காலத்தையும் அவசரகாலத்தையும் கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளோடு சேர்த்துச் சொல்வது. இரண்டு படங்களையும் போவதற்கு முந்தின வாரமே வீட்டில் பிள்ளைகளோடு பார்த்துவிடுங்கள். படத்தைப் பார்க்காமல் போனால் அவர்களுக்கு அது வெறும் செங்கல் கட்டடமாகவும் பச்சைச் சரிவாகவும்தான் தெரியும்.

வழிகாட்டியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி வழிகாட்டிக்கும் சுற்றுலா நிறுவனத்துக்கும் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; கேட்பதில் வெட்கமே வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதென்று உரிமமில்லாத கெரெத்தா சாப்பு வண்டியில் பெற்றோரை ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம், இடையில் எத்தனை கடையில் நிறுத்துவார் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்னரே எழுத்தில் வாங்குங்கள்.

அதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "கெல்லி கோட்டையைக் கட்டியது யார்?" பேய்க்கதையை மட்டும் எடுத்துவிடுகிறவர் நமக்கு வேண்டாம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் தொடங்கிய மாளிகை அது. வேலைக்கு மதராஸிலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து வந்தவை. விஷக்காய்ச்சலில் தொழிலாளர்கள் மாண்டபோது, மற்றவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, அவர் கட்டிக்கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றது. மேலே கேமரன் மலையிலும் நம் தொழிலாளர்கள் உழைத்த கதைதான். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் காட்டைத் திருத்தி, கொழுந்து பறித்த கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். இன்று அங்கே பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இதைச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி அமைந்தால், கேட்கும் கூலிக்கு மேல் ஐம்பது வெள்ளி கொடுத்தாலும் தகும்.

அந்த மாரியம்மன் கோயில் கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. அதன் கூரையில், சாமி சிலைகளுக்கு நடுவே, தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவரின் உருவமும் நிற்கும். கெல்லி ஸ்மித்துக்குத் தொழிலாளர்கள் வைத்த சிலை என்பார்கள். வேன் அங்கே நிற்காமல் மலைக்குத் திரும்பினால், நிறுத்தச் சொல்லுங்கள்.