ஹாம் வானொலிக்கு இரண்டு வாசல் போதும்
இணையவழித் தொடர்புக்கு வீட்டு ரவுட்டரையும் தீச்சுவரையும் அமைக்கும் முறை

மாணவர்களே, கையில் அடங்கும் ஒரு சிறிய வானொலிக் கருவியைக் கொண்டு ஈப்போவில் இருப்பவர் லண்டனில் இருப்பவரோடு பேச முடியுமா? முடியும். ஆனால் அந்தக் குரல் பயணத்தின் பெரும்பகுதியை வானில் கடப்பதில்லை, இணையத்தில்தான் கடக்கிறது. வழியில் அதைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் மலையோ கடலோ அல்ல. நம் வீட்டு வரவேற்பறையில் விளக்குகள் மினுக்க உட்கார்ந்திருக்கும் ரவுட்டர்தான். அது ஏன் தடுக்கிறது, ஆபத்து இல்லாமல் அதற்கு எப்படி வழிவிடச் சொல்வது என்பதே இந்த வாரப் பாடம்.

வானலையும் இணையமும்

ஹாம் வானொலி என்பது தனிநபர்கள் தேர்வு எழுதி, உரிமம் பெற்று நடத்தும் வானொலித் தொடர்பு. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. தீபகற்ப மலேசியாவில் 9எம்2, 9டபிள்யூ2 என்றும் சிங்கப்பூரில் 9வி1 என்றும் அவை தொடங்கும்.

இவர்கள் அதிகம் பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் பகுதி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குன்று, கட்டடம், பூமியின் வளைவு எல்லாம் அவற்றைத் தடுத்துவிடும். 5 வாட் ஆற்றலுள்ள கைக்கருவியின் அலை பக்கத்து ஊரை எட்டுவதே சில நேரம் பெரிய காரியம்.

இதற்கு ஒரு வழியாக, 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க ஹாம் வானொலியாளர் ஜோனத்தன் டெய்லர் எக்கோலிங்க் என்ற மென்பொருளை வெளியிட்டார். கைக்கருவியின் குரலை அருகிலுள்ள ஓர் இணைப்பு நிலையம் வாங்கிக் கொள்கிறது. அங்குள்ள கணினி அதை எண்களாக மாற்றி இணையத்தில் அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள கணினி அதை மீண்டும் குரலாக்கி, அங்குள்ள வானொலிக் கருவி மூலம் ஒலிபரப்புகிறது. வானொலிக் கருவி இல்லாமல், உரிமம் பெற்ற ஒருவர் தம் கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ நேரடியாகவும் பேசலாம்.

இதற்கு அதிவேக இணையம் தேவையில்லை. சுருக்கப்பட்ட குரலுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 13 கிலோபிட் போதும். ஆகவே இணைப்பு கிடைக்கவில்லை என்றால் வேகத்தைக் குறை சொல்வதற்கு முன் ரவுட்டரைப் பார்க்க வேண்டும்.

காவலரின் குறிப்பேடு

நீங்கள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். நூறு வீடுகள் இருந்தாலும் கட்டடத்திற்கு முகவரி ஒன்றுதான். நுழைவாயிலில் ஒரு காவலர் இருக்கிறார். யார் வீட்டிலிருந்து என்ன வாங்கச் சொல்லி அனுப்பினார்கள் என்று அவர் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஒருவர் வந்தால் குறிப்பேட்டைப் பார்த்து உரிய வீட்டுக்கு அனுப்புகிறார். யாரும் கேட்காமல் ஒருவர் வந்து நின்றால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாது, திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ரவுட்டர் செய்வதும் இதுதான். இணையச் சேவை நிறுவனம் நம் வீட்டுக்குத் தரும் பொது ஐ.பி. முகவரி ஒன்று. வீட்டுக்குள் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி எனப் பல கருவிகள். அவற்றுக்கு ரவுட்டர் 192.168.1.25 போன்ற உள்முகவரிகளைத் தருகிறது. வெளியே போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் உள்முகவரியையும் பொது முகவரியாக மாற்றி, அதைத் தன் குறிப்பேட்டில் பதிந்து கொள்கிறது. பதில் வந்ததும் உரிய கருவிக்குத் திருப்பி விடுகிறது. இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர்.

இந்த ஏற்பாடு தேவைப்பட்டதற்குக் காரணம் எளிய கணக்கு. பழைய வகை ஐ.பி. முகவரி 32 பிட் நீளமுள்ளது. 2-ஐ 32 முறை பெருக்கினால் சுமார் 4.29 பில்லியன் முகவரிகள்தான் வரும். உலக மக்கள் தொகையோ 8 பில்லியனுக்கு மேல். ஆளுக்கு ஒன்று கூடக் கிடைக்காது.

முகவரியோடு போர்ட் எண்ணும் உண்டு. ஒரே முகவரியில் எந்தச் சேவைக்கான பொட்டலம் இது என்பதைச் சொல்லும் வாசல் எண் அது. 0 முதல் 65,535 வரை மொத்தம் 65,536 வாசல்கள். எக்கோலிங்க் கேட்பவை மூன்றே:

• டி.சி.பி. 5200: வெளியே செல்ல மட்டும். 'நான் இணைப்பில் இருக்கிறேன்' என்று மையக் கணினியிடம் பதிந்து, நிலையங்களின் பட்டியலைப் பெற.
• யு.டி.பி. 5198: குரல் போகவும் வரவும்.
• யு.டி.பி. 5199: இணைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் தேவையான கட்டுப்பாட்டுச் செய்திகள் போகவும் வரவும்.

டி.சி.பி. ஒவ்வொரு பொட்டலமும் சேர்ந்ததா என்று உறுதி செய்து, தவறியதைத் திரும்ப அனுப்பும். யு.டி.பி. அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காது. உரையாடலில் தவறிய ஓர் எழுத்து இரண்டு வினாடி கழித்து வந்து பயனில்லை. அதனால்தான் குரலுக்கு யு.டி.பி.

பட்டியல் தெரிகிறது, பேச முடியவில்லை

எக்கோலிங்கை முதன்முதலாக நிறுவுபவர்கள் அடிக்கடி காணும் குறை இது. உலகெங்கும் உள்ள நிலையங்களின் பட்டியல் திரையில் வருகிறது. ஒன்றைத் தேர்ந்து அழைத்தால் இணைப்பு கிடைக்காமல் நேரம் கடந்துவிடுகிறது.

இப்போது உங்களுக்குக் காரணம் புரியும். பட்டியல் 5200 வழியாக நாமே கேட்டு வாங்கியது. குறிப்பேட்டில் பதிவு இருக்கிறது. ஆனால் மறுமுனையிலிருந்து ஒருவர் நம்மை அழைத்தால், அந்தப் பொட்டலம் யாரும் கேட்காமல் வந்த விருந்தாளி. ரவுட்டர் அதைக் கைவிட்டுவிடும். நாம் அழைத்தாலும் சிக்கல் வரலாம். சில ரவுட்டர்கள் வெளியே போகும் பொட்டலத்தின் போர்ட் எண்ணையும் மாற்றிவிடும். மறுமுனையோ எப்போதும் 5198, 5199 என்ற எண்களுக்கே பதில் அனுப்பும். குறிப்பேட்டில் உள்ள எண்ணும் வந்த எண்ணும் பொருந்தாததால் பதிலும் கைவிடப்படும்.

ஐந்து படிகள்

வீட்டு ரவுட்டரைத் தொடுவதற்கு முன் பெற்றோரின் அனுமதி அவசியம். இப்போதுள்ள அமைப்புகளைப் படமெடுத்து வைத்துக் கொள்வதும் நல்லது.

1. கணினியின் உள்முகவரியை நிலையாக்குங்கள். ரவுட்டர் தரும் உள்முகவரி அவ்வப்போது மாறக்கூடும். இன்று 25-ஆம் எண் வீட்டில் இருப்பவர் நாளை 31-ஆம் எண் வீட்டுக்கு மாறிவிட்டால், காவலர் விருந்தாளியைத் தவறான வீட்டுக்கு அனுப்புவார். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியில், அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே முகவரி, உதாரணமாக 192.168.1.25, கிடைக்கும்படி செய்யுங்கள்.

2. காவலருக்கு நிலையான உத்தரவு கொடுங்கள். 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'வெர்ச்சுவல் சர்வர்' என்ற பகுதியில் ஒரே ஒரு விதி: யு.டி.பி. 5198 முதல் 5199 வரை வருபவை 192.168.1.25-க்குச் செல்லட்டும். டி.சி.பி. என்று தவறாகக் குறித்தால் வேலை செய்யாது.

3. 5200-க்கு வாசல் திறக்க வேண்டாம். அது வெளியே செல்வது மட்டுமே. வீட்டு ரவுட்டர்கள் வழக்கமாக அதைத் தடுப்பதில்லை.

4. கணினியின் தீச்சுவரில் அனுமதி கொடுங்கள். நுழைவாயிலைக் கடந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியே கிரில் கதவு உண்டல்லவா? அதுபோல் கணினிக்குள்ளும் ஒரு தீச்சுவர் உண்டு. எக்கோலிங்க் என்ற அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அதில் அனுமதி தாருங்கள். தீச்சுவரையே அணைத்துவிடாதீர்கள்.

5. சோதித்துப் பாருங்கள். எக்கோலிங்கில் 9999 என்ற எண்ணுள்ள சோதனை நிலையம் உண்டு. அதோடு இணைந்து பேசினால், உங்கள் குரலை உங்களுக்கே திரும்ப ஒலிக்கச் செய்யும். குரல் தெளிவாகத் திரும்பி வந்தால் இரு திசையிலும் வழி திறந்திருக்கிறது.

ஒரு கட்டுப்பாடு உண்டு. விதி ஒரே ஓர் உள்முகவரியைத்தான் சுட்டும். ஆகவே ஒரே பொது முகவரியின் பின்னால் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் இந்த முறையில் எக்கோலிங்கை இயக்க முடியாது.

எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் என்ன?

'தீச்சுவரை அணைத்துவிடு, உடனே வேலை செய்யும்' என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ரவுட்டரில் 'டி.எம்.இசட்.' என்ற அமைப்பும் இருக்கும். அதில் ஒரு கணினியின் முகவரியைக் கொடுத்தால், யாரும் கேட்காமல் வரும் எல்லாப் பொட்டலங்களும் அந்தக் கணினிக்கே போகும். வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு விருந்தாளிகளுக்காகக் காவலரையே வீட்டுக்கு அனுப்பிவிடுவதற்கு இது சமம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. அது இணையத்தைத் துழாவி, வெளியிலிருந்து எட்டக்கூடிய ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் தேடியது. தொழிற்சாலையில் வைத்த பெயர், கடவுச்சொல் இணைகள் சுமார் 60-ஐ ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது. அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் மாதம் டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. அந்நிறுவனம் இணையப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைத் தேடித் தரும் சேவையை நடத்தியது. அதனால் டுவிட்டர் உட்படப் பல தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. தங்கள் வீட்டுக் கருவி இதில் பங்கெடுத்தது அதன் உரிமையாளர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது.

65,536 வாசல்களில் இரண்டை, ஒரே ஒரு கணினிக்கு, ஒரே ஒரு மென்பொருளுக்குத் திறப்பது ஒன்று. அத்தனையையும் திறப்பது வேறொன்று. தேவையானதை மட்டும் திற, மற்றதை மூடி வை என்பதே கணினிப் பாதுகாப்பின் முதல் பாடம். அதோடு ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை மூடுங்கள். எக்கோலிங்கை நிறுத்திவிட்டால் அந்த விதியையும் நீக்கிவிடுங்கள்.

ஹாம் வானொலியில் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. இணைப்பு நிலையத்தில் இணையத்தின் வழி வரும் குரல் வானலையில் ஒலிபரப்பாகிறது. யார் பேசினாலும் அந்த ஒலிபரப்புக்கு நிலையத்தின் உரிமதாரர் பதில் சொல்ல வேண்டும். இதனால்தான் எக்கோலிங்கில் பதிய விரும்புபவர் தம் உரிமத்தை மெய்ப்பிக்க வேண்டும். மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையமும் சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் இந்த அனுமதியை வழங்குகின்றன.

எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை

ஐந்து படிகளும் சரியாக இருந்தும் அழைப்பு வராவிட்டால், உங்கள் காவலருக்கு முன்னால் இன்னொரு காவலர் இருக்கக்கூடும். முகவரிப் பற்றாக்குறையால் சில இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. கைப்பேசி இணையத்தில் இது மிகவும் வழக்கம். அந்த வெளிக்காவலருக்கு நீங்கள் உத்தரவு போட முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' என்ற இடத்தில் உள்ள முகவரியைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு உங்கள் பொது முகவரியைக் காட்டும் ஏதேனும் ஓர் இணையத்தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், சேவை நிறுவனத்தின் முகவரி மாற்றத்துக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அது 192.168 என்று தொடங்கினால், வீட்டிலேயே ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர்கள் இருக்கலாம்.

அப்போது சேவை நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்கலாம். இல்லாவிட்டால் எக்கோலிங்கின் பிராக்சி வசதியைப் பயன்படுத்தலாம். பொது முகவரியுள்ள வேறொரு கணினி நமக்காக அழைப்புகளை வாங்கி, டி.சி.பி. 8100 வழியாக நம்மிடம் சேர்க்கும். அந்த இணைப்பை நாமே வெளிநோக்கித் தொடங்குவதால் எந்தக் காவலரும் தடுப்பதில்லை. எந்த வாசலையும் திறக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு பிராக்சியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும்.

எக்கோலிங்க் ஓர் எடுத்துக்காட்டுதான். ஆல்ஸ்டார்லிங்க் என்ற மற்றொரு ஹாம் வலையமைப்புக்கு வாசல் யு.டி.பி. 4569. எண் மாறும், முறை மாறாது. எந்த வாசல், எந்தக் கருவிக்கு, எந்தத் திசையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்த விதியையும் எழுதாதீர்கள்.

சிந்தித்து விடையளியுங்கள்

1. எக்கோலிங்கில் நிலையப் பட்டியல் வருகிறது. யாரோடும் பேச முடியவில்லை. எந்தப் போர்ட் சரியாக இருக்கிறது? எவை சந்தேகத்துக்குரியவை?
2. நேற்று வரை வேலை செய்த எக்கோலிங்க், ரவுட்டரை அணைத்துப் போட்ட பிறகு வேலை செய்யவில்லை. ஐந்து படிகளில் எது விடுபட்டிருக்கும்?
3. ரவுட்டரில் உள்ள முகவரி 100.72.14.9. போர்ட் ஃபார்வர்டிங் விதி எழுதினால் பயன் உண்டா? ஏன்?