காற்றுக்குக் குறுக்கே ஒரு மலை

வெள்ளவத்தை

அன்புள்ள மருமகளுக்கு,

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கண்டிக்குப் போய் வந்த கையோடு நீ ஒரு கேள்வி கேட்டாய். பஸ் யன்னலால் தூரத்தில் தெரிந்த மலையைக் காட்டி, "அதுதான் நக்கிள்ஸ்" என்று ரீச்சர் சொன்னாராம். ஒரு மலைக்கு ஏன் அப்படிப் பேர், அங்கே என்னதான் இருக்கிறது என்றாய். கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. ஆறுதலாக இருந்து வாசி.

பேரிலிருந்து தொடங்கலாம். கையைப் பொத்திக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார். விரல் மொளிகள் வரிசையாக மேடும் பள்ளமுமாகத் தெரியும். கண்டிப் பக்கத்தில் சில இடங்களில் நின்று பார்த்தால் இந்த மலைத்தொடரும் அப்படித்தான் தெரியும். அதைக் கண்ட ஆங்கிலேய நில அளவையாளர்கள் விரல் மொளிகளைக் குறிக்கும் தங்கள் சொல்லையே அதற்குப் பேராக வைத்தார்கள். சிங்களத்தில் அது தும்பர மலைத்தொடர். பனிமூட்டம் சூழ்ந்த மலை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இதன் மிக உயர்ந்த சிகரம் கொம்பனிய, 1,906 மீற்றர். நுவரெலியாவின் பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்று நீ படித்திருப்பாய். உயரத்தில் தும்பர முந்தவில்லை. ஆனால் அது நிற்கும் நிலையில்தான் விசேஷம் இருக்கிறது. இலங்கையின் இரண்டு பெருங்காற்றுகளுக்கும் குறுக்கே அது நிற்கிறது. அந்த மலையைப் பற்றிய மற்ற எல்லாக் கதையும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

மே மாதக் கடைசியில் வெள்ளவத்தைக் கடற்கரை ரயில் பாதையோரம் நின்றால் சோளகம் முகத்தில் உப்பை அப்பிவிட்டுப் போகும். அலை கருங்கல் அணையில் மோதித் தண்டவாளம் வரை தெறிக்கும். அந்தக் காற்று அதோடு நிற்பதில்லை. ஈரத்தைச் சுமந்தபடி உள்நாட்டுக்குள் போய் மலைகளில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, முகிலாகி, தும்பரவின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. ஆடி மாதத்தில் ரத்தோட்டைப் பக்கமாகக் குடையோடு ஏறுகிறவர், மலை முதுகைக் கடந்து லக்கல பக்கம் இறங்கினால் வெயிலில் கண்ணைச் சுருக்க வேண்டிவரும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நாட்களில், கொஞ்சம் கிழக்கே தள்ளித் திருநெல்வேலி காய்ந்து கிடப்பதும் இதே கணக்குத்தான்.

ஆனால் தும்பரவின் கணக்கு அத்தோடு முடிவதில்லை. மார்கழியில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மாரி பெய்யும்போது வாடைக்காற்று வந்து அதே மலையின் மறுகன்னத்தில் அறைகிறது. உச்சிப் பகுதிகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை. கிழக்கு அடிவாரத்தில் அதில் பாதிக்கும் குறைவு. கொழும்பில் பெய்வது ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் என்பதை வைத்து ஒப்பிட்டுப் பார். சில மணி நேரம் நடந்தால் ஈரவலயக் காட்டிலிருந்து உலர்வலயக் காட்டுக்குப் போய்விடலாம். ஒரே மலையில் இத்தனை காலநிலைகள் நெருங்கிக் கிடப்பது அபூர்வம்.

அந்த மழையில் ஒரு பங்கு உன் படிப்பு மேசை விளக்குக்கும் வருகிறது. தும்பரவின் சரிவுகளில் பிறக்கும் ஹுலு கங்கை மகாவலியோடு சேர்ந்து விக்டோரியா நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. 1985இல் திறக்கப்பட்ட அந்த அணை 122 மீற்றர் உயரம். 210 மெகாவாற் மின்சாரம் உற்பத்தி செய்யக்கூடியது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் மூழ்கிப்போனது.

இனி, காற்றை மறித்துச் சுவராக நிற்கும் இந்த மலையை யார் கட்டியது என்ற கேள்வி. இதற்குக் காலத்தில் நெடுந்தூரம் பின்னே போக வேண்டும். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கை தீவாக இருக்கவில்லை. இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு ஒட்டி, கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் நடுவே கிடந்தது. நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று முட்டி நெருக்கியபோது, அதற்கும் மிகப் பழைய மணலும் சேறும் சுண்ணாம்பும் பூமிக்குள் 25 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு அமிழ்ந்தன. 800 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் வெந்தன. மணல் குவாட்சைற் என்ற கடினமான கல்லானது. சுண்ணாம்பு சலவைக்கல்லானது. சேறு, கார்னெட் மணிகள் சிவப்பாகப் பதிந்த பட்டைக்கல்லானது. நில விஞ்ஞானிகள் இவற்றை உருமாறிய பாறைகள் என்பார்கள்.

தரையில் விரித்த பாயை இரண்டு பக்கமிருந்தும் தள்ளிப் பார். நடுவில் மடிப்பு மடிப்பாக எழும்பும். கீழே வெந்து இளகிய பாறைகளும் அப்படித்தான் மடிந்தன. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேலே இருந்த நிலம் அரித்துப் போகப் போக, ஆழத்தில் கிடந்த மடிப்புகள் வெளியே வந்தன. சலவைக்கல் மழையில் மெல்லக் கரையும். அது இருந்த இடம் பள்ளத்தாக்கானது. குவாட்சைற் இலேசில் கரையாது. அது இருந்த இடம் மேடாக நின்றது. நீ பஸ்ஸிலிருந்து பார்த்த விரல் மொளிகளுக்குள் இந்த நெடுங்கதை இருக்கிறது.

மலையகப் பாறைகளில் இன்னொன்று சார்னோக்கைற். கொஞ்சம் பச்சையோடிய, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் கருங்கல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனிக்காரர் யோப் சார்னொக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை 1893இல் தோமஸ் ஹொலண்ட் என்ற நில விஞ்ஞானி ஆராய்ந்தார். அந்தக் கல்லறைக்காரர் பேரையே கல்லுக்கும் வைத்தார். கல் எங்கிருந்து போனது தெரியுமா? சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளிலிருந்து. பல்லாவரத்துக் குன்றும் நம் மலையகமும் ஒரே வகைக் கல்லைப் பங்குபோட்டுக்கொள்வதற்குக் காரணம், இரண்டும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்ததுதான்.

மலைக்கு நடந்த கதை இது. அங்கே வாழும் உயிர்களுக்கு என்ன நடந்தது என்பதைக் கவனமாக வாசி. எனக்கு இந்த மலையில் மிகப் பிடித்த பகுதி அதுதான்.

தும்பரவையும் நுவரெலியா மலைகளையும் மகாவலிப் பள்ளத்தாக்கு பிரிக்கிறது. கடலில் தீவு இருப்பதுபோல, சூடான தாழ்நிலத்தின் நடுவே குளிர்ந்த மலையும் ஒரு தீவுதான். குளிரில் மட்டுமே வாழக்கூடிய ஓர் ஓணான் பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குப் போகமுடியாது. எனவே அந்தந்த மலையில் அதது தனிவழி வளரும். மூக்கில் கொம்பு உள்ள ஓணான்களின் ஒரு பேரினம் உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் உண்டு. நுவரெலியாப் பக்கத்து இனத்துக்குக் காண்டாமிருகம்போலக் கூரிய கொம்பு. தும்பரவின் இனத்துக்கோ மூக்கு நுனியில் சின்ன வெற்றிலைபோலத் தட்டையான ஒரு மடல்; அதனால் அது இலைமூக்கு ஓணான். மரப்பாசி படிந்த கொப்பில் அது அசையாமல் இருந்தால், கண்ணுக்கு நேரே இருந்தும் உனக்குத் தெரியாது. 1861இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர், ஜேர்மனியில் பிறந்து லண்டனில் பணியாற்றிய அல்பேட் குந்தர். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டின் பேரை அதற்குச் சூட்டினார்.

இன்னொரு குட்டி ஓணான் அதைவிடப் பெரிய ஆச்சரியம். முட்டையிடாமல் குட்டி போடும் இனம் அது. அதன் உறவினம் நுவரெலியாப் பக்கத்தில் முன்பே அறியப்பட்டிருந்தது. தும்பரவில் இருப்பது தனி இனம் என்று விஞ்ஞானிகள் எழுதியது 2006இல்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தோட்டக்காரரும் துரைமாரும் நடந்து திரிந்த மலையில், நீ பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அது பேரில்லாமல் இருந்திருக்கிறது.

உச்சியில் காடே குள்ளமாகிவிடும். மண் ஆழமில்லை, காற்றோ ஓய்வதில்லை. மரங்கள் நிமிராமல் முறுகி, பாசி போர்த்திக்கொண்டு நிற்கும். அந்தப் பாசி மூடுபனியிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிச் சொட்டவிடும். மழை பெய்யாத நாளிலும் நிலம் நனைந்திருப்பது அதனால்தான். காதோரம் மஞ்சள் குஞ்சம் வைத்த புல்புல் அங்கே கூட்டமாகப் பறக்கும். கீழ்க்காடுகளில் மரையும் சிறுத்தையும் உண்டு. மலை முதுகிலுள்ள ரிவஸ்டனுக்கு அப்பால் பிட்டவல பத்தனை என்றொரு புல்வெளி. மண் மெல்லியதாகப் படிந்த பாறைச் சரிவு அது. அந்தப் பாறை வெடிப்புகளில், அமுக்கி வைத்தாற்போல் தட்டையான ஒரு தவளை ஒளிந்திருக்கும். தும்பரவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவதில்லை. ஈரப் பாறைமேல் கசியும் மெல்லிய நீர்ப்படலத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன.

மனிதர்களும் இந்தச் சுவரை நம்பியிருக்கிறார்கள். 1815இல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தபோது, கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தும்பரப் பக்கம்தான் ஒதுங்கினார். நாயக்கர் வம்சத்தவர், இளமைப் பேர் கண்ணுச்சாமி. மெதமகநுவரவுக்குப் பக்கத்தில் பொமுரே என்ற ஊரில், ஆங்கிலேயருக்கு உதவிய கண்டிப் பிரதானிகளின் ஆட்கள் பெப்ரவரி 18ஆம் திகதி அவரைப் பிடித்தார்கள். கொழும்புக் கோட்டையில் வைத்திருந்து, 1816 ஜனவரியில் கப்பலேற்றினார்கள். 1832இல் தமிழ்நாட்டு வேலூரில் அவர் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு இன்றைக்கும் நினைவு மண்டபம் இருக்கிறது.

அவருக்குப் பிறகு மலைக்கு வந்தது கோப்பி. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அந்தப் பாதையின் கடைசிப் பகுதியில் அவர்களுடைய இடது கைப்பக்கமாகவே கூட வந்த மலை தும்பர. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. ரங்கலையிலும் மடுல்கலையிலும் ரத்தோட்டையிலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் கொழுந்தெடுக்கிறார்கள்.

உன் அம்மம்மா பாயசத்துக்குத் தட்டிப்போடும் ஏலக்காய்க்கும் இதில் பங்குண்டு. ஏலம் பெரிய மரங்களின் நிழலில் விளையும் பயிர். மரத்தை வெட்டத் தேவையில்லை என்பதால் காட்டுக்குக் கேடில்லாத பயிர் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் ஏலம் வைக்கக் கீழ்ச்செடிகளை வெட்டித் துப்புரவாக்குவார்கள். அதோடு மரக்கன்றுகளும் போய்விடும். மேலே பார்த்தால் காடு அடர்த்தியாக நிற்கும். கீழே பார்த்தால் அடுத்த தலைமுறைக்கு ஒரு கன்று இராது. பறித்த காயை உலர்த்தும் சூளைக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான். அதேவேளை, நிழல் மிஞ்சிய பழைய ஏலக் காடுகளில் இலைமூக்கு ஓணான் இன்னும் வாழ்கிறது. ஏலத்தை நம்பி வாழ்ந்த ஊர்மக்களும் அங்கே இருக்கிறார்கள். காட்டைக் காப்பதைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய சோற்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மலையைக் காக்கும் எண்ணம் புதிதல்ல. 1873இலேயே 5,000 அடிக்கு மேற்பட்ட காடு காலநிலை ஒதுக்கமாக்கப்பட்டது. 2000இல் வனத் திணைக்களத்தின் கீழ் பாதுகாப்பு வனமானது. 2010இல் ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக்கியது. அதில் தும்பரவின் பங்கு 31,305 ஹெக்டேயர்.

இருந்தும் கள்ளச்சந்தை ஓயவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பதற்காக இந்த ஓணான்களைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறவர்கள் உண்டு. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக மாநாடு 2019 மே மாதத்தில் கொழும்பில் நடக்கவிருந்தது. அந்த ஏப்ரலில் உங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் மற்ற இடங்களிலும் நடந்த குண்டுவெடிப்புகள் உனக்குத் தெரியும். அதனால் மாநாடு ஓகஸ்டில் ஜெனீவாவுக்குப் போனது. அங்கே இலங்கை கேட்டுக்கொண்டபடி, இலைமூக்கு ஓணானும் குட்டி போடும் ஓணானும் வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஓகஸ்ட் விடுமுறையில் மாத்தளை பஸ் எடுப்போம். அங்கிருந்து ரத்தோட்டை, ரிவஸ்டன், பிட்டவல பத்தனை. தவளையைத் தேடிக் கல்லைப் புரட்டக்கூடாது. வெடிப்புக்குள் குனிந்து பார்ப்பது மட்டும்தான். அட்டைக்குப் பூச ஒரு சவர்க்காரக் கட்டி எடுத்துவை. மழைக்கோட்டும் வெயில் தொப்பியும் இரண்டும் வேண்டும். ரிவஸ்டனுக்கு இந்தப் பக்கம் ஒன்றைப் போடு, அந்தப் பக்கம் இறங்கினதும் மற்றதை மாற்று.

அன்புடன்,
மாமா